கடைசித் தொடர் எதைத் தழுவுகிறது?

1916 ஜூன் மாதம் லண்டன் நீதிமன்றத்தில் ரோஜர் கேஸ்மென்ட் என்ற அயர்லாந்துக்காரரின் உயிர், 565 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொற்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேஸ்மென்ட் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர். காங்கோவில் ரப்பருக்காக மக்கள் பட்ட கொடுமைகளை 1904இல் அறிக்கையாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர். 1911இல் சர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மனிக்குப் போனார். அங்கே போர்க்கைதிகளாக இருந்த அயர்லாந்து வீரர்களைப் பிரிட்டனுக்கு எதிராகத் திரட்டப் பார்த்தார். 1916 ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் திரும்பி, அயர்லாந்தின் கெர்ரி கடற்கரையில் இறங்கிய அன்றே பிடிபட்டார். அவர்மீது ராஜத் துரோக வழக்கு தொடரப்பட்டது.

வழக்கின் அடிப்படை, மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் 1351இல் நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட சட்டம். ஆங்கிலத்தில் அதன் வரிசை இப்படிப் போகும்: ஒருவன் அரசனின் பகைவரோடு சேர்ந்திருந்தால், அரசனின் நாட்டுக்குள், அவர்களுக்கு உதவியும் ஆதரவும் அளித்து, நாட்டுக்குள், அல்லது வேறெங்கேனும். இந்த 'அல்லது வேறெங்கேனும்' எதைத் தழுவுகிறது? பக்கத்தில் இருக்கும் உதவி அளித்தலை மட்டும்தான் என்றார் கேஸ்மென்டின் வழக்கறிஞர் சல்லிவன். அப்படியானால் பகைவரோடு சேர்வது நாட்டுக்குள் நடந்தால்தான் குற்றம். ஜெர்மனியில் இருந்துகொண்டு செய்தது இந்தச் சட்டத்தில் சிக்காது. அரசுத் தரப்போ அந்தச் சொற்கள் முன்னால் இருக்கும் சேர்தலையும் தழுவுகின்றன என்றது. அந்த வாசிப்பில் எங்கே இருந்து செய்தாலும் குற்றம்தான்.

வழக்கை விசாரித்தவர் தலைமை நீதிபதி ரீடிங் பிரபு. பின்னாளில், 1921இல், இந்தியாவின் வைஸ்ராயாக வந்தவர் இவரே. மேல்முறையீட்டில் நீதிபதிகள் டார்லிங்கும் ஆட்கினும் ஆவணக் காப்பகத்துக்கே போய் மூலச் சுருளைப் பார்த்தார்கள். கடைசித் தொடர் முன்னால் இருப்பதையும் தழுவும் என்று முடிவானது. ஆகஸ்ட் 3ஆம் தேதி பென்டன்வில் சிறையில் கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். ஒரு காற்புள்ளியில் தூக்கிலிடப்பட்டவர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள். போர்க்கால அரசியலுக்கு அந்தச் சாவில் பெரிய பங்கு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் வாதமாக நின்றது இலக்கணம்தான்.

ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் படிக்கும் எவரும் தினமும் இந்தக் கேள்வியைக் கடந்து போகிறோம். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், வேலை நியமனக் கடிதம், மருந்துச் சீட்டின் எச்சரிக்கை, தேர்வு விதிமுறை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஒரு பட்டியல் வரும், அதன் வாலில் ஒரு நிபந்தனை வரும். அந்த நிபந்தனை பட்டியல் முழுவதற்குமா, கடைசி உருப்படிக்கு மட்டுமா? பெரும்பாலும் நாம் நின்று கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதே இல்லை என்பதுதான் இதில் விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்த விஷயம்.

முதலில் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். 'த போலீஸ் காட் த தீஃப் வித் எ டார்ச்.' போலீஸ் திருடனைப் பிடித்தது, டார்ச்சோடு. டார்ச் யார் கையில்? ஆங்கில வாக்கியம் சொல்லவில்லை. 'வித் எ டார்ச்' என்ற தொடர் பிடித்தலைத் தழுவினாலும் திருடனைத் தழுவினாலும் ஓர் எழுத்துகூட மாறாது. தமிழில் சொல்லிப் பாருங்கள். 'டார்ச் வைத்திருந்த திருடனைப் பிடித்தது' என்பது ஒன்று, 'டார்ச் அடித்துத் திருடனைப் பிடித்தது' என்பது இன்னொன்று. தமிழில் ஒரு தொடர் பெயரைத் தழுவ வேண்டுமானால் அதற்குப் பெயரெச்ச வடிவம் வேண்டும்: இருந்த, உள்ள, வைத்திருந்த. வினையைத் தழுவ வேண்டுமானால் வேற்றுமை உருபோ வினையெச்சமோ வேண்டும். அதோடு, தமிழில் அடை முன்னால் நிற்கும், தழுவப்படும் சொல் பின்னால் வரும். ஆங்கிலத்திலோ ஒற்றைச் சொல் அடைகள் முன்னால் நிற்க, நீளமான அடைகள் எல்லாம் பின்னால் போய்ச் சேர்கின்றன. வாக்கியம் நீள நீள வாலில் கூட்டம் கூடுகிறது.

எவ்வளவு கூட்டம் என்று கணக்கிடலாம். அந்த வாக்கியத்தோடு 'இன் த லேன்' என்று சேர்த்துக்கொள்வோம். டார்ச்சுக்கு இரண்டு இடங்கள் உண்டு: பிடித்தல், திருடன். சந்துக்கு மூன்று: பிடித்தல், திருடன், டார்ச். பெருக்கினால் ஆறு. ஆனால் ஆறில் ஒன்று ஆங்கில உரைநடையில் செல்லாது. டார்ச் பிடித்தலோடு சேர்ந்துவிட்ட பிறகு, சந்து அதைத் தாண்டிக் குதித்துத் திருடனைத் தழுவ முடியாது. தழுவல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்பது விதி. ஆகவே ஐந்து. இன்னும் 'பிஹைண்ட் த மார்க்கெட்' என்று ஒன்றைச் சேர்த்தால் பதினான்கு. நான்கு தொடர்களுக்கு 42, ஐந்துக்கு 132. கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டில் என்ற இரு கணினி அறிஞர்கள் 1982இல் எழுதிய கட்டுரையில் இந்த வளர்ச்சியை விளக்கினார்கள். 2, 5, 14, 42, 132 என்று போகும் இந்த வரிசை, பெல்ஜியக் கணித அறிஞர் காட்டலான் பெயரால் வழங்கும் எண் வரிசைதான்.

கோடுகள் வெட்டக் கூடாது என்ற இந்த விதி தமிழ்ச் செய்யுளுக்குக் கிடையாது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் கொண்டுகூட்டு ஒன்று. எந்த அடியில் இருக்கும் சொல்லையும் எடுத்துப் பொருள் பொருந்தும் இடத்தில் சேர்த்துக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. நம் உரையாசிரியர்கள் காலங்காலமாகச் செய்த வேலை இதுவே. எந்தச் சொல் எதோடு போகும் என்பதைச் சொல்லின் இருப்பிடம் தீர்ப்பதில்லை, பொருள் தீர்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலச் சட்ட உலகம் அதே இடத்துக்கு எவ்வளவு சுற்றி வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்தத் திருடன் வாக்கியத்துக்குப் பதினான்கு பொருள் இருந்தும் வாசகர் திணறுவதில்லை. ஏன்? மூளை பதினான்கையும் விரித்து வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்றை உடனே பிடித்துக்கொண்டு மேலே போகிறது. எதைப் பிடிக்கிறது என்பதை 1970களிலிருந்து மொழி உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். லின் ஃப்ரேசியர் முன்வைத்த ஒரு கொள்கை பெயர்பெற்றது: புதிதாக வரும் சொல்லை, இப்போது கையில் இருக்கும் தொடரோடு சேர்த்துவிடு. அண்மையில் இருப்பதே ஆள் என்ற கொள்கை. நினைவாற்றலுக்குச் சுமை குறைவு என்பதால் மனம் அதை விரும்புகிறது.

ஆனால் அது மட்டுமே போதாது என்பதை ஓர் அழகான சோதனை காட்டியது. மைக்கேல் டானன்ஹவுஸும் சக ஆய்வாளர்களும் 1995இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. மேசைமேல் ஒரு துண்டு, அதன்மேல் ஓர் ஆப்பிள். பக்கத்தில் வெறும் துண்டு ஒன்று, ஒரு பெட்டி, ஒரு பென்சில். கேட்பவரின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. 'புட் த ஆப்பிள் ஆன் த டவல் இன் த பாக்ஸ்' என்று ஒரு குரல் சொல்கிறது. துண்டின்மேல் இருக்கும் ஆப்பிளைப் பெட்டியில் வை என்பதுதான் பொருள். 'ஆன் த டவல்' என்று கேட்டதும் கண் அந்த வெறும் துண்டுக்குப் போகிறது. துண்டின்மேல் வைக்கச் சொல்கிறார்கள் என்று மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. பெட்டி என்ற சொல் வந்த பிறகே திருத்திக்கொள்கிறது.

அடுத்து மேசையில் ஒரே ஒரு மாற்றம். பென்சிலை எடுத்துவிட்டு இன்னோர் ஆப்பிளை ஒரு கைக்குட்டைமேல் வைத்தார்கள். அதே குரல், அதே வாக்கியம். இப்போது கண் வெறும் துண்டின் பக்கம் போகவில்லை. இரண்டு ஆப்பிள் இருப்பதால் எந்த ஆப்பிள் என்று சொல்லியாக வேண்டும். ஆகவே 'துண்டின்மேல்' என்பது ஆப்பிளுக்கான அடை என்று மனம் கண நேரத்தில் புரிந்துகொள்கிறது. வாக்கியத்தில் ஓர் ஒலிகூட மாறவில்லை. மாறியது மேசை. இந்தச் சோதனையைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. ஒரு வாக்கியத்தின் இலக்கணத்தை வாக்கியத்துக்கு வெளியே கிடக்கும் ஓர் ஆப்பிள் முடிவு செய்கிறது!

சிறு குழந்தைகளுக்கு இந்தத் திறமை உடனே வந்துவிடுவதில்லை. ஜான் ட்ரூஸ்வெல் குழுவினர் 1999இல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் பொம்மைத் தவளைகளை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். இரண்டு தவளைகள் இருந்தும் குழந்தைகள் பல முறை தவளையை எடுத்து வெறும் கைக்குட்டைமேல் வைத்தார்கள். 'வை' என்ற வினைக்கு இடம் ஒன்று தேவை, கேட்ட முதல் இடமே அந்த இடம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்த முடிவைத் திருத்துவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. வயது கூடும்போது இது சரியாகிறது.

அண்மையில் இருப்பதே ஆள் என்ற கொள்கைக்கு இன்னோர் அடி ஸ்பெயினிலிருந்து வந்தது. ஃபெர்னாண்டோ குவேட்டோஸ், டான் மிட்செல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு அது. நடிகையின் பணியாளரை யாரோ சுட்டார்கள், அவர் பால்கனியில் இருந்தார் என்ற பொருளில் ஒரு வாக்கியம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் சொல் வரிசை ஒன்றுதான்: பணியாளர், நடிகையின், பால்கனியில் இருந்தவர். பால்கனியில் இருந்தது யார் என்று கேட்டால், ஆங்கில வாசகர்கள் பக்கத்திலிருக்கும் நடிகை என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஸ்பானிஷ் வாசகர்கள் தள்ளியிருக்கும் பணியாளர் என்ற பக்கம் சாய்ந்தார்கள். மூளை எல்லோருக்கும் ஒன்றே, பழக்கம் மொழிக்கு மொழி வேறு. ஏன் இப்படி என்பதற்கு விளக்கங்கள் பல. எனக்குப் பிடித்தது ஜேனட் டீன் ஃபோடர் சொன்னது: வாய்திறக்காமல் படிக்கும்போதும் மனத்துக்குள் ஒரு குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறது, அந்தக் குரல் எங்கே நிறுத்துகிறதோ அங்கே தழுவல் அறுபடுகிறது. நிறுத்தும் இடம் மொழியின் இசையைப் பொறுத்தது, தொடரின் நீளத்தையும் பொறுத்தது.

தமிழில் இதே செய்தியை எழுத நேர்ந்தால் நாம் தப்பித்துவிடுவோமா? 'பால்கனியில் நின்ற நடிகையின் பணியாளர்' என்று எழுதினால் அங்கேயும் அதே குழப்பம்தான். 'நடிகையின், பால்கனியில் நின்ற பணியாளர்' என்று மாற்றினால் தெளிவாகும், கொஞ்சம் இடறும். 'புதிய பள்ளித் தலைமையாசிரியர்' என்று அறிவிப்புப் பலகையில் கண்டால் புதியது பள்ளியா தலைமையாசிரியரா என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். எந்த மொழியும் முழுக்கத் தப்பவில்லை. தப்பும் இடங்கள்தான் வேறு.

இந்தத் துறையின் ஆய்வுகளில் வாசகர்களுக்கு மிக முக்கியமானது என்று நான் நினைப்பது இனி வருவது. மேத்யூ டிராக்ஸ்லர், மார்ட்டின் பிக்கரிங், சார்ல்ஸ் கிளிஃப்டன் மூவரும் 1998இல் வெளியிட்டது. மூன்று வகைத் தொடர்களை வாசகர்களிடம் கொடுத்தார்கள். மீசை வைத்த என்ற அடை மூன்றிலும் வாலில் வருகிறது. ஒன்றில் 'ஓட்டுநரின் கார்' என்று இருக்கும். மீசை காருக்கு இருக்க முடியாது, ஓட்டுநருக்குத்தான். இன்னொன்றில் 'காரின் ஓட்டுநர்'. அங்கேயும் மீசை ஓட்டுநருக்கே. மூன்றாவதில் 'ஓட்டுநரின் மகன்'. மீசை இருவரில் யாருக்கும் இருக்கலாம். இரண்டு பொருள் உள்ள மூன்றாவதைப் படிக்கத்தான் அதிக நேரம் ஆகும் என்று எவரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. இரண்டு பொருள் உள்ளதைத்தான் வாசகர்கள் விரைவாகப் படித்தார்கள்!

காரணம் இருக்கிறது. ஒரே பொருள் உள்ள வாக்கியத்தில் மனம் தவறான பக்கம் சாய்ந்தால் மீசை வந்து தடுக்கும், திரும்பி வந்து திருத்த வேண்டும். இரு பொருள் உள்ளதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தடுக்க ஆளில்லை. அதனால் வழுக்கிக்கொண்டு போகிறோம். 2008இல் பெஞ்சமின் ஸ்வெட்ஸ் குழுவினர் இதை இன்னும் தோண்டினார்கள். படித்து முடித்ததும் அந்த அடையைப் பற்றியே கேள்வி வரும் என்று எதிர்பார்த்த வாசகர்கள் நிதானமாகப் படித்தார்கள். மேலோட்டமான கேள்விகள் மட்டும் வரும் என்று பழகியவர்கள் இரு பொருள் இருக்கும் இடத்தில் வேகமாகத் தாண்டினார்கள். யாரைத் தழுவுகிறது என்று அவர்கள் முடிவே செய்யாமல் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆகவே ஒரு வாக்கியம் தடங்கல் இல்லாமல் ஓடியது, நன்றாகப் புரிந்தது என்ற உணர்வு எதற்கும் சான்றல்ல. இரண்டு பொருள் ஒளிந்திருக்கும் வாக்கியம்தான் மிகவும் சுகமாக ஓடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவரும் தெளிவாகப் புரிந்துகொண்டதாகவே நம்பியிருப்பார்கள். புரிந்துகொண்டது வேறு வேறு என்பது பணம் கைமாறும் நாளில்தான் தெரியவரும்.

கணினிக்கும் இந்தத் தொல்லை நீண்ட காலம் இருந்தது. ஐ.பி.எம். ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1994இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வாக்கியங்களை வைத்து மனிதர்களையே சோதித்தார்கள். வினை, பெயர், முன்னிடைச்சொல், அடுத்த பெயர் என்று நான்கு சொற்களை மட்டும் காட்டி, தொடர் எதைத் தழுவுகிறது என்று கேட்டால் 100க்கு ஏறக்குறைய 88 முறை சரியாகச் சொன்னார்கள். முழு வாக்கியத்தைக் காட்டினால் 93. ஒற்றை வாக்கியத்தை மட்டும் கையில் கொடுத்தால் மொழி வல்லவர்களும் 100க்கு ஏழு தடவை சறுக்குகிறார்கள். எஞ்சியது முந்தைய பத்தியிலோ எழுதியவரின் மனத்திலோ இருக்கிறது.

இனி நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். சறுக்கல் அங்கே ஆண்டுக்கணக்கில் சிறையாக மாறுகிறது.

அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கு இரண்டு விதிகள் புழங்குகின்றன. ஒன்று, வாலில் வரும் அடை தனக்கு மிக அருகில் உள்ளதை மட்டுமே தழுவும். இன்னொன்று, ஒரே மாதிரியான உருப்படிகள் வரிசையாக வந்து முடிவில் ஓர் அடை வந்தால் அது எல்லாவற்றையும் தழுவும். இந்த இரண்டாவது நமக்கு அந்நியமல்ல. தண்டியலங்காரம் தீவக அணி என்று சொல்வது இதன் உறவுதான். ஓரிடத்தில் வைத்த விளக்கு வீடு முழுவதும் வெளிச்சம் தருவதுபோல, ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களில் பொருள் தருவது தீவகம். முதலில் நின்றால் முதல்நிலைத் தீவகம், கடைசியில் நின்றால் கடைநிலைத் தீவகம். வாலில் நிற்கும் ஆங்கில அடை கடைநிலைத் தீவகமா, இல்லை பக்கத்து வீட்டுக்கு மட்டும் எரியும் விளக்கா என்பதே வழக்கு.

முதல் விதிக்கு நீதிபதி ஸ்காலியா 2003இல் ஒரு தீர்ப்பில் சொன்ன உதாரணம் புகழ்பெற்றது. வெளியூர் போகும் பெற்றோர் வீட்டில் விட்டுப்போகும் பையனிடம் சொல்கிறார்கள்: நீ பார்ட்டி நடத்தினாலோ வீட்டுக்குச் சேதம் உண்டாக்கும் வேறு எதைச் செய்தாலோ தண்டனை உண்டு. பையன் பார்ட்டி நடத்துகிறான், வீட்டுக்குச் சேதம் இல்லை. தப்பிக்க முடியுமா? முடியாது. சேதம் என்ற நிபந்தனை 'வேறு எதை' என்பதற்கு மட்டும்தான். பார்ட்டி எப்படி நடந்தாலும் குற்றம்.

இரண்டாவது விதிக்கு நீதிபதி எலினா கேகன் 2016இல் காட்டிய உதாரணமும் அதே அளவுக்கு வலுவானது. ஒரு நடிகரையோ இயக்குநரையோ தயாரிப்பாளரையோ சந்திக்க வேண்டும், புதிய ஸ்டார் வார்ஸ் படத்தோடு தொடர்புடையவரை, என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு நடிகரைக் கூட்டிவந்து நிறுத்தினால் அவருக்குத் திருப்தியா? மூவருமே அந்தப் படத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள்.

கேகன் இதைச் சொன்ன வழக்கு கடுமையானது. பாலியல் குற்றத்துக்கு முன்பே தண்டனை பெற்றவர்களுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று ஒரு கூட்டரசுச் சட்டம். எந்த முந்தைய குற்றங்கள் என்பதற்கு மூன்று குற்றங்களை வரிசைப்படுத்தி, கடைசியில் 'சிறார் அல்லது பாதுகாப்பில் இருப்பவர் தொடர்பான' என்று ஓர் அடை. குற்றவாளியின் முந்தைய குற்றம் வயது வந்தவருக்கு எதிரானது. அடை மூன்றையும் தழுவினால் அவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை விதி பொருந்தாது. கடைசியை மட்டும் தழுவினால் பொருந்தும். நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, கடைசியை மட்டும் என்றது. ஆறு பேர் ஒரு பக்கம், கேகனும் பிரேயரும் மறுபக்கம். குற்றம் செய்தவர்மீது எவருக்கும் பரிவு தோன்றாது. ஆனாலும் 10 ஆண்டு என்பதை உச்சநீதிமன்ற நீதிபதிகளே இரண்டு விதமாகப் படிக்கும்படி ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பது கவலைப்பட வேண்டிய செய்தி.

ஐந்து ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், ஃபேஸ்புக் சம்பந்தப்பட்ட வழக்கு. தானியங்கித் தொலைபேசி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் கருவிக்கு ஒரு வரையறை: அழைக்க வேண்டிய எண்களைச் 'சேமிக்கும் அல்லது உருவாக்கும்' கருவி, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு 'தற்செயலான அல்லது தொடர் எண்களை உண்டாக்கும் பொறியைப் பயன்படுத்தி'. இந்த வால் உருவாக்குதலுக்கு மட்டும் என்றால், எண்களைச் சேமிக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் சட்டத்தில் சிக்கிவிடும். இம்முறை நீதிமன்றம், அடை இரண்டையும் தழுவும் என்றது. தீர்ப்பை எழுதியவர் அதே சோட்டோமயோர். விதிகளை இயந்திரம்போலப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதி அலிட்டோ தனியாக எழுதி எச்சரித்தார்.

சோட்டோமயோர் இரு வழக்கிலும் நேர்மையாகவே முடிவெடுத்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் எந்த வழக்கிலும் விதி முடிவு செய்யவில்லை. சட்டம் எதற்காக வந்தது, எந்த வாசிப்பு அபத்தமான விளைவைத் தரும் என்ற உலக அறிவே முடிவு செய்தது. பையனின் பார்ட்டியிலும் ஸ்டார் வார்ஸ் படத்திலும் நமக்கு விடை பளிச்சென்று தெரிந்ததும் அதனாலேயே. மேசைமேல் இரண்டாவது ஆப்பிள் கிடந்ததுபோலத்தான். விதியை நீதிபதி பிறகு துணைக்கு அழைத்துக்கொள்கிறார்.

காற்புள்ளி காப்பாற்றுமா? கனடாவில் ஒரு வழக்கு இதற்கு நல்ல பதில். ராஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் கம்பங்களில் தன் வடங்களைக் கட்ட அலையன்ட் என்ற நிறுவனத்தோடு 2002இல் ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நடக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகத் தொடரும், காற்புள்ளி, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்தாலன்றி. முடிக்கும் உரிமை முதல் ஐந்து ஆண்டுக்கும் உண்டா? காற்புள்ளி இருப்பதால் கடைசித் தொடர் இரண்டையும் தழுவும், முதல் ஐந்து ஆண்டிலேயே முடிக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் சொன்னது. ராஜர்ஸ் நிறுவனம் அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனது. பிரெஞ்சில் அந்த மயக்கம் இல்லை, முடிக்கும் உரிமை தொடர்ச்சிக் காலத்துக்கு மட்டுமே. 2007இல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. வால் நீண்ட ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடையை எந்தச் சொல்லுக்கு முன்னால் வைப்பது என்று தமிழ் உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும். எங்கே கை தயங்குகிறதோ அங்கே இரண்டு பொருள் இருக்கிறது. அங்கே நின்று, வால் அடையை ஒவ்வொரு உருப்படியோடும் தனித்தனியாகச் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். பொருந்தாத இடம் தானே கழன்றுவிடும். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் வாக்கியம் பழுது. அதை எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது வழி இன்னும் எளிது. நிபந்தனை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் அதை வாலிலிருந்து தூக்கிப் பட்டியலுக்கு முன்னால் வைத்துவிடலாம். கடைசிக்கு மட்டும் என்றால் அந்த உருப்படியைப் பட்டியலில் முதலாவதாகவோ தனி வாக்கியமாகவோ ஆக்கிவிடலாம். சட்டம் வரைபவர்கள் உருப்படிகளை அ, ஆ, இ என்று வரி வரியாகப் பிரித்து, பொது நிபந்தனையை இடது ஓரத்தில் தனி வரியாக எழுதுவது இதற்காகத்தான். காற்புள்ளியை நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஒப்பந்த வாசகம் உண்மையிலேயே இரு பொருள் பட்டால், அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டக் கோட்பாடு. இந்திய உச்சநீதிமன்றமும் காப்பீட்டு வழக்குகளில் இதை ஏற்றிருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் உங்கள் கோரிக்கையை ஒரு விலக்குப் பிரிவைக் காட்டி மறுத்தால், அந்தப் பிரிவின் கடைசித் தொடர் எதைத் தழுவுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.